கை பழகிய முதலுதவியே ஆபத்தில் உதவும்



ஒரு பிள்ளைக் காம்பராவில் நடந்த சம்பவத்தைச் சொல்லி இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே தேவையில்லை. நம்முடைய எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடிய விஷயம்தான்.

பகல் சாப்பாட்டு நேரம். தாய்மார் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து வந்திருந்தார்கள். அடுப்படியில் தேத்தண்ணிக்காகக் கொதித்து இறக்கி வைத்த கேத்தலை இரண்டு வயதுப் பையன் ஒருவன் இழுத்துவிட்டான். முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துவிட்டது. பிள்ளை போட்ட சத்தம் மேல் லயம் வரை கேட்டதாம்.

அந்த இடத்தில் ஏழு பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஆறு பேர் முந்திய வருடம் தோட்ட மண்டபத்தில் நடந்த சுகாதாரக் கூட்டத்துக்கு வந்தவர்கள். "சுட்ட இடத்தில் பற்பசை பூசக் கூடாது, முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்று அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். இருந்தும் பிள்ளையின் கை வெந்தபோது ஒருவர் பற்பசை எடுக்க ஓடினார். ஒருவர் தேங்காய் எண்ணெய் தேடினார். ஒருவர் டொக்டர் ஐயாவைக் கூப்பிட டிஸ்பென்சரிக்கு ஓடினார். தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

ஏழாவது ஆள் ஒரு கொழுந்து எடுக்கும் பெண். கூட்டத்துக்கு வராதவர். ஆனால் அக்கா வீட்டுக்குப் போயிருந்த காலத்தில், அந்தத் தோட்டத்தில் நடந்த இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சியில் உட்கார்ந்தவர். அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே பீலிக்குப் போய், வெந்த கையை ஓடுகிற தண்ணீரில் பிடித்தார். கையில் இருந்த கறுப்பு வளையலையும் கழற்றினார்.

"ஏன்டி, பச்சப் புள்ளைய இந்தக் குளிர் தண்ணியில வைக்கிற? ஜன்னி கண்டுடும்டி!" என்று தாய் சண்டைக்கு வந்தார்.

"அக்கா, கைய மட்டுந்தான் நனைக்கிறேன். நீங்க சீலைத் தலைப்பால ஒடம்பப் போர்த்திப் புடிங்க. இருவது நிமிசம் வைக்கணும்."

இருபது நிமிடமும் வைத்தார். பிறகு துவைத்துக் காயவைத்த துணி ஒன்றைக் கையின் மேல் தளர்வாகப் போட்டு, கொழுந்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பையனின் கை குணமாகிவிட்டது. மணிக்கட்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு தழும்பு இருக்கிறது.

பிறகு அந்தப் பெண்ணைச் சந்தித்தபோது, "எப்படிம்மா அந்த நேரத்தில் எல்லாம் ஞாபகம் வந்தது?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்: "எனக்கு ஒன்னும் ஞாபகம் வரல்ல ஐயா. கை தானாப் போச்சு."

முந்திய வருடம் மண்டபத்தில் பேசிய ஆள் வேறு யாருமில்லை, நான்தான். ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். துண்டுப் பிரசுரமும் கொடுத்தேன். ஆனால் ஒருவருடைய கையையும் தண்ணீரில் பிடித்துக் காட்டவில்லை. அன்று பிள்ளைக் காம்பராவில் நின்ற ஆறு பேர் மீது குற்றமில்லை. சொல்லிக் கொடுத்த முறையில்தான் குறை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது

கொழுந்து எடுப்பதை நீங்கள் எப்படிப் பழகினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று யாராவது கரும்பலகையில் எழுதிக் காட்டினார்களா? தாயோ மாமியோ பக்கத்து நிரையில் நின்று, "இப்புடிப் புடி, இத விடு, அது முத்தல்" என்று சொல்லச் சொல்ல விரல் பழகியது. முதல் கிழமை விரல் வலித்தது. கொஞ்ச நாள் போனதும் பக்கத்து ஆளுடன் கதைத்துக்கொண்டே எடுத்தீர்கள். கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாருக்கும் அப்படித்தான். கத்தியை எந்தச் சரிவில் போட வேண்டும் என்பது அவர்களுடைய மணிக்கட்டுக்குத் தெரியும். வாயால் சொல்லச் சொன்னால் சொல்லத் தெரியாது.

முதலுதவியும் அந்த மாதிரியான கைவேலைதான். அதோடு இன்னொரு கஷ்டமும் உண்டு. முதலுதவி தேவைப்படும் நேரத்தில் நாம் அமைதியாக இருப்பதில்லை. நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், சுற்றிலும் ஆட்கள் கத்துவார்கள். அந்த நேரத்தில் காதால் கேட்டது பறந்துவிடும். பல தடவை செய்து பழகியது மட்டும் நிற்கும். ஆகவேதான் கூட்டம் போதாது, செய்முறைப் பயிற்சி வேண்டும் என்கிறோம்.

முதலுதவி வகுப்பு பெரிய படிப்புப் படித்தவர்களுக்காகத் தோன்றியது என்று யாரும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1877 ஆம் ஆண்டு சென் ஜோன் அம்புலன்ஸ் சங்கம் தொடங்கப்பட்டது. ரயில் பாதையிலும் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்கள், வைத்தியர் வந்து சேருவதற்கு முன்பே இரத்தம் போய்ச் சாவதைப் பார்த்துத்தான் அந்த வகுப்புகளை ஆரம்பித்தார்கள். கட்டுப்போடவும் காயப்பட்டவரைத் தூக்கவும் தொழிலாளிகளுக்கே கற்றுக் கொடுத்தார்கள். அன்று அவர்களுக்கு இருந்த பிரச்சினைதான் இன்று நமக்கும்.

நமக்கு ஏன் அதிகம் தேவை?

பட்டணத்தில் ஒருவர் விழுந்தால் கால் மணித்தியாலத்தில் வைத்தியரிடம் கொண்டுபோகலாம். நமக்கு அப்படியல்ல. மேல் மலையில் விழுந்தவரை முதலில் றோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு வாகனம் தேட வேண்டும். அதன் பிறகு டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ போக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடிவிட்டால் அதுவும் இல்லை.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் "சுவ செரிய" இலவச அம்புலன்ஸ் சேவை 2016 ஆம் ஆண்டு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு மலையகத்துக்கும் வந்தது. இது நமக்குப் பெரிய ஆறுதல். அவசரத்தில் தயங்காமல் அழையுங்கள். ஆனால் அம்புலன்ஸும் வளைவு வளைவாக ஏறித்தான் வர வேண்டும்.

உடம்போ அதுவரை காத்திருக்காது. மூச்சும் இதயமும் நின்றுபோனால் நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். தொண்டையில் அடைத்த குழந்தைக்கும் அந்த அளவு நேரம்தான். இந்த முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பது யார்? பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர், பக்கத்துக் காம்பராக்காரர், பிள்ளைக் காம்பராவைப் பார்ப்பவர். அதாவது நீங்களும் நானும்.

பயிற்சியில் கை என்ன கற்கிறது?

நல்ல செய்முறைப் பயிற்சியில் பேச்சு குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருக்கும். தரையில் பாயைப் போட்டு ஒருவர் நோயாளியாகப் படுப்பார், ஒருவர் உதவி செய்வார், மற்றவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். பிறகு ஆள் மாறுவார்கள். அங்கே பழகுகின்றவற்றில் நமக்கு முக்கியமான சில:

1. வெட்டுக்காயம். கவ்வாத்துக் கத்தி பட்டு இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா?" என்று அடிக்கடி தூக்கிப் பார்க்காமல் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொரு துணியை வைக்க வேண்டும். காப்பித்தூள், மண், புகையிலை ஒன்றும் வேண்டாம். காயத்தில் கம்போ கண்ணாடியோ குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது, சுற்றிலும் அழுத்த வேண்டும். எவ்வளவு பலமாக அழுத்துவது என்பதை எழுதிக் காட்ட முடியாது. பயிற்சியாளர் உங்கள் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தும்போதுதான், "அட, இவ்வளவு பலமாகவா!" என்று தெரியும். இரத்தம் நின்ற பிறகு ஏற்பு ஊசி போடுவதற்கு டிஸ்பென்சரிக்குப் போக மறக்காதீர்கள்.

2. சுடுகாயம். இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீர். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். ஒட்டிப்போன துணியை உரிக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. குழந்தையாக இருந்தால் சுட்ட இடத்தைக் குளிர வைத்து, மற்ற உடம்பைச் சூடாகப் போர்த்த வேண்டும். நமது குளிர் பிரதேசத்தில் இது மிக முக்கியம். பயிற்சியில் மணிக்கூட்டைப் பார்த்து இருபது நிமிடம் நின்று பாருங்கள். அது எவ்வளவு நீண்ட நேரம் என்று அப்போதுதான் விளங்கும். வீட்டில் பலர் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

3. குளவிக் கொட்டு. குளவி கிளம்பினால் கையை வீசி அடிக்காமல், படங்கையோ சாக்கையோ தலையிலும் முகத்திலும் போட்டுக்கொண்டு அந்த இடத்தை விட்டுத் தூரப் போக வேண்டும். பெருந்தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும். நகத்தாலோ கத்தியின் மழுங்கிய பக்கத்தாலோ உடனே வழித்து எடுக்க வேண்டும். குளவி பெரும்பாலும் கொடுக்கை விட்டுப் போவதில்லை. உதடும் நாக்கும் வீங்குதல், உடம்பெல்லாம் தடித்தல், மூச்சு வாங்குதல், தலை சுற்றி விழுதல் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். இப்படிப்பட்டவரை நடக்க வைக்கவே கூடாது. மயக்கம் வந்தால் தட்டையாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்கார விட வேண்டும். உடனே 1990. நிறையக் கொட்டு வாங்கியவர், "எனக்கு ஒன்னும் இல்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். விஷம் பிறகு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

4. தொண்டையில் அடைத்தல். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழே இருக்கும்படி பிடித்து, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. அடைப்பு நீங்கும் வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்டவருக்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்ளும் மேலுமாக ஐந்து தடவை அழுத்துதல். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தேடக் கூடாது, அது இன்னும் உள்ளே போகும். பிள்ளைக் காம்பரா உத்தியோகத்தர்கள் இதைப் பொம்மையில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும்.

5. மூச்சு நின்றுவிட்டால். கூப்பிட்டும் தட்டியும் அசைவில்லை, பத்து செக்கன் பார்த்தும் சாதாரணமாக மூச்சில்லை என்றால், ஒருவர் 1990 ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். நெஞ்சின் நடுவே ஒரு கையின் மேல் மறு கை, முழங்கை மடங்காமல், பெரியவருக்கு ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அதாவது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு. முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. மூச்சுக் கொடுக்கப் பழகாதவர் அழுத்துவதை மட்டுமாவது விடாமல் செய்ய வேண்டும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷொக் அடிக்கும் என்று ஒரு பயம் உண்டு. அது தவறு. மின்னல் தாக்கிய உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை, தாராளமாகத் தொட்டு உதவலாம். ஆனால் கரண்ட் கம்பியைப் பிடித்தபடி கிடப்பவரை, மின்சாரத்தை நிறுத்தும் வரை தொடக் கூடாது. பயிற்சிப் பொம்மையை இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள், வேர்த்துவிடும். இந்த வேலைக்கு ஏன் ஆள் மாறி மாறி நிற்க வேண்டும் என்பது அப்போது விளங்கும்.

6. மயக்கம், வலிப்பு. நினைவு இல்லை, ஆனால் மூச்சு இருக்கிறது என்றால் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் நாக்கோ வாந்தியோ மூச்சை அடைக்கும். வலிப்பு வந்தவரின் கையில் சாவியையும் இரும்பையும் திணிக்கிறோம். அதனால் பயன் இல்லை. வாயில் கரண்டியை வைத்தால் பல் உடையும். கல்லில் தலை மோதாமல் பார்த்து, வலிப்பு நின்றதும் பக்கமாகச் சரித்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி. மருந்தெண்ணெய் குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. போத்தலையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

7. பாம்புக் கடி. இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கெடுதல். கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாமல், கடித்த காலை அல்லது கையை எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கம்பு வைத்து அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு போக வேண்டும். பாம்பை அடிக்கத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். இன்னொருவர் கடிபடுவதுதான் மிச்சம்.

8. தூக்கிச் செல்லுதல். நம் தோட்டங்களில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். சரிவில் விழுந்தவரைக் கண்டதும் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிவிடுகிறோம். முதுகெலும்போ கழுத்தோ முறிந்திருந்தால் அந்த ஒரு தூக்கலே ஆளை ஆயுள் முழுக்கப் படுக்கையில் தள்ளிவிடும். வேறு ஆபத்து இல்லாத இடமானால், தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸ் ஆட்கள் வரும்வரை காத்திருப்பது நல்லது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தலைமாட்டில் இருப்பவர் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கப் பழக வேண்டும். ஸ்ட்ரெச்சர் இல்லையா? பலமான இரண்டு சாக்கின் அடி மூலைகளை வெட்டி, இரண்டு உறுதியான கம்பை அவற்றினூடே கோத்தால் தூக்குப் படுக்கை தயார். இதைப் பயிற்சி நாளிலேயே செய்து, பாரமான ஒரு ஆளைப் படுக்கவைத்து, கான் தாண்டி, படி இறங்கிப் பாருங்கள். எங்கே வழுக்கும், எங்கே கை மாற்ற வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

இவற்றை வாசித்தவுடன் முதலுதவி கற்றாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். இது கறியின் பெயரைச் சொன்ன மாதிரிதான். சமைப்பது பயிற்சியில்தான்.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

"ஐயா, நான் மூணாம் வகுப்போட நின்னவ. எனக்கு இது வருமா?"

வரும். எழுதவோ வாசிக்கவோ தேவையில்லை. நாள் முழுக்க வேலை செய்து பழகிய கை உங்களுடையது. கொழுந்து எடுக்கும் தாய்மார் கட்டுப்போடுவதைப் பயிற்சியாளர்களே பாராட்டியதைக் கண்டிருக்கிறேன்.

"பிழையாச் செஞ்சு ஆளுக்கு ஏதும் ஆயிட்டா, நம்ம மேல பழி வராதா?"

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு மருந்தே பயிற்சிதான். எதைச் செய்யலாம் என்பதோடு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கே சொல்லிக் கொடுப்பார்கள். முதலுதவி வைத்தியம் அல்ல. வைத்தியரிடம் போய்ச் சேரும் வரை நிலைமை மோசமாகாமல் பார்ப்பதுதான் நம் வேலை.

"மாமியாரு மஞ்சளும் எண்ணெயும் போடச் சொல்றாங்க. அவங்களை எதுத்துப் பேச முடியுமா?"

எதிர்த்துப் பேச வேண்டாம். மாமியாரையும் பயிற்சிக்குக் கூட்டி வாருங்கள். வீட்டில் காயப்பட்டவருக்கு என்ன செய்வது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான். அவர்களுடைய கை பழகிவிட்டால் லயமே பழகிவிடும்.

"ஒரு தரம் போய்ட்டு வந்தா போதும்தானே?"

போதாது. நெஞ்சை அழுத்தும் பழக்கம் சில மாதங்களிலேயே குறையத் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அரை நாளாவது திரும்பச் செய்ய வேண்டும். கத்தியைத் தீட்டாமல் வைத்தால் துருப்பிடிப்பதுபோல்தான் இதுவும்.

"வேலை நாள்ல வந்தா பேர் போயிடுமே?"

நியாயமான கேள்வி. ஒரு நாள் பேர் போனால் அடுப்பில் தெரியும். இது தொழிலாளி மட்டும் சுமக்க வேண்டிய பாரம் அல்ல. குளவி கொட்டுவதும், கத்தி வெட்டுவதும், சரிவில் வழுக்குவதும் வேலைத் தலத்தில்தான் நடக்கின்றன. தொழிற்சாலைகளில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெட்டி தானாகக் கட்டுப்போடாது, பழகிய கை வேண்டும். ஆகவே பயிற்சி நாளைப் பேர் விழும் நாளாகக் கணக்கிடும்படி தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் சேர்ந்து நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நாமும் நலன்புரி உத்தியோகத்தர்கள் மூலம் அதையே வற்புறுத்தி வருகிறோம்.

தோட்டத்தில் ஒழுங்கு செய்வது எப்படி?

ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாக, பயிற்சி பெற்றால் நல்லது. கொழுந்து மலைக்குப் போகும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர், தொழிற்சாலையில் வேலை மாறும் ஒவ்வொரு நேரத்திலும் ஒருவர், பிள்ளைக் காம்பராவில் எல்லோரும். பகலில் தாய்மார் மலையில் இருக்கும்போது லயத்தில் இருப்பவர்கள் வயதானவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும்தான். ஆகவே பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது.

பயிற்சி கொடுப்பதற்கு இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் இருக்கின்றன. தோட்ட டொக்டர் ஐயா மூலமாகவோ நலன்புரி உத்தியோகத்தர் மூலமாகவோ கேட்கலாம். கேட்கும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். தமிழில் நடத்த வேண்டும். பொம்மையும் கட்டுத்துணியும் கொண்டுவர வேண்டும். வந்த ஒவ்வொருவரும் தன் கையால் செய்து பார்க்க நேரம் இருக்க வேண்டும். ஐம்பது பேரை உட்காரவைத்துப் பேசிவிட்டுப் போவதைவிடப் பதினைந்து பேரின் கையைப் பழக்குவது மேல்.

இன்னொன்று, அம்புலன்ஸை அழைப்பதையும் பழக வேண்டும். அவசரத்தில் பலர், "சீக்கிரம் வாங்க, ஆளு விழுந்துட்டாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். எந்த மாவட்டம், எந்த டவுனுக்குப் பக்கம், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் மலையில் போன் சிக்னல் கிடைக்கும் இடம் எது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். ஒருவரை டோர்ச் லைட்டுடன் சந்தியில் நிறுத்துங்கள்.

இன்று மாலையே

பயிற்சி வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இன்று வேலை விட்டு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு இஸ்தோப்பில் ஒரு பாயை விரியுங்கள். மகனைப் படுக்கவைத்து, ஒரு கையை மடித்துக் கன்னத்துக்குக் கீழே வைத்து, எட்டத்தில் உள்ள முழங்காலை மடக்கி, உங்கள் பக்கமாகச் சரித்துப் பாருங்கள். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்க விடுங்கள். பிறகு அவன் உங்களைச் சரிக்கட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், நீங்களும் சிரியுங்கள். ஆனால் நெஞ்சை அழுத்தும் பயிற்சியை மட்டும் உயிருள்ள ஆளில் செய்யக் கூடாது, அது பொம்மைக்கு உரியது.

பீலிக்கரையில் நின்ற அந்தப் பெண் டொக்டரோ தாதியோ அல்ல. உங்களைப் போலக் காலையில் பிரட்டுக்குப் போய், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்புகிறவர். அவர் இரண்டு நாள் ஒதுக்கினார், ஒரு பிள்ளையின் கை தப்பியது. அடுத்த பயிற்சி உங்கள் டிவிசனுக்கு வரும்போது கதவோரம் நின்று பார்க்காதீர்கள். உள்ளே வந்து பாயில் உட்காருங்கள். நானும் இனிமேல் பேசுவதற்கு வெறுங்கையோடு வரமாட்டேன். கட்டுத்துணியும் பொம்மையும் கொண்டுதான் வருவேன்.